கண்டுபிடிப்புக்கும் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கோவைப் பதிப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படம் வந்திருந்தது. கை நடுங்கும் பாட்டிக்காக, கண்ணில் சொட்டு மருந்து விட ஒரு கருவி செய்திருக்கிறாள். பழைய மூக்குக் கண்ணாடி பிரேமில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புனலை ஒட்டியிருக்கிறாள், மருந்து பாட்டிலை அதில் கவிழ்த்து அழுத்தினால் சொட்டு நேராகக் கண்ணில் விழும். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த என் அம்மாவுக்கு ஒரு மாதம் நான்தான் மருந்து விட்டேன், நான் பட்டறையில் இருக்கும் நேரத்தில் அவரே விட்டுக்கொண்டால் பாதி மருந்து கன்னத்தில் ஓடும். அந்தச் செய்தியை வெட்டி மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது மனசு சங்கடப்பட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கணபதியில் 26 வருடமாக பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். மூன்று மெஷின், ஏழு பேர். பம்பு செட்டுக்கு, கிரைண்டருக்கு, மிக்ஸிக்கு வேண்டிய சின்னச் சின்ன பாகங்கள் போட்டுக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. அது போக வருடத்துக்கு நாலைந்து பேராவது கையில் ஒரு பொருளைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். "நானே கண்டுபிடிச்சதுங்க, இதை மோல்டு போட்டுக் குடுங்க" என்பார்கள். அவர்களில் பலர் பையில் ஒரு பேப்பர் கட்டிங்கும் வைத்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் அப்படி வந்தவர்களில் பொருளைக் கடை வரைக்கும் கொண்டுபோனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். யோசனை மோசம் என்பதால் இல்லை. யோசனை வேறு, விற்கிற பொருள் வேறு, இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய ஒரு பெரிய வேலை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வேலைக்குப் பெயர் புராடக்ட் டிசைன். அதைச் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் டிசைன் கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் டிசைன் என்றால் கலர் அடிப்பது, லோகோ போடுவது என்றே நினைக்கிறோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இதில் என் தப்பும் உண்டு. சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மல்லிகை விவசாயி 2019-ல் வந்தார். பூப்பறிக்க விரலில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியைத் தகரத்தில் செய்திருந்தார். ஆள்காட்டி விரலில் தொப்பி மாதிரி மாட்டினால் நுனியில் ஒரு கொக்கி இருக்கும், காம்பு அதில் சிக்கி அறுபடும், மொட்டு கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் விழும். பார்க்க அருமையாக இருந்தது. ஒரு விவசாயக் கண்காட்சியில் பரிசும் வாங்கியிருந்தார். இதே மாதிரி பிளாஸ்டிக்கில் 5,000 போட்டுக் கொடுங்கள் என்றார். பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு, அதை டை என்போம், அதற்கு மட்டும் 2,80,000 ரூபாய் ஆகும் என்றேன். நகையை அடகு வைத்துக் கொண்டுவந்தார். நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. டை செய்யச் சொன்னார், செய்தோம், போடச் சொன்னார், போட்டோம்.

பறிக்கும் பெண்கள் ஒரே நாள் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டார்கள். 5,000 பீஸும் சாக்கில் கிடந்தன. பழகிக்கொள்ளச் சோம்பல் என்று அவர் அந்தப் பெண்கள் மேல் கோபப்பட்டார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து என் மகளின் சிநேகிதி ஒரு பெண், டிசைன் படித்துவிட்டு இங்கேயே இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து சின்னதாக ஒரு கன்சல்டன்சி நடத்துகிறவள், வேறு வேலையாகப் பட்டறைக்கு வந்தபோது அந்தச் சாக்கைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டு, அந்தத் தோட்டத்துக்குப் போகலாமா என்றாள். மூன்று நாள் விடியற்காலை நாலு மணிக்குப் போய் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தாள், ஒரு நாள் நானும் கூடப் போனேன். கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், நடுநடுவே செல்போனில் படம் எடுத்தாள், அவர்களோடு டீ குடித்தாள், அவ்வளவுதான்.

அதில் தெரிந்த விஷயங்கள் எங்கள் யார் கண்ணிலும் படாதவை. அந்தப் பெண்கள் இரண்டு கையாலும் பறிக்கிறார்கள். பறித்த மொட்டை உடனே பையில் போடுவதில்லை, உள்ளங்கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டே அடுத்ததைப் பறிக்கிறார்கள், கை நிறைந்த பிறகுதான் மடியில் கட்டிய துணியில் போடுகிறார்கள். எங்கள் கிண்ணம் சரியாக அந்த உள்ளங்கை மடியும் இடத்தில் இடித்தது. பனி ஈரத்தில் கெட்டி பிளாஸ்டிக் வழுக்குகிறது. விரல் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது, அந்த விவசாயி தன் விரலில் அளவு எடுத்துத்தான் டை போடச் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வயதான ஒரு அம்மா சொன்னது: "வேகமா பறிக்கறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் அம்மிணி, இந்தக் கட்டை விரல் நகக்கண் எரியாம இருந்தாப் போதும்." காம்பைக் கிள்ளிக் கிள்ளி அவர் கட்டை விரல் நுனி வெடித்துப் போயிருந்தது. இரண்டு வருடம், 2,80,000 ரூபாய், 5,000 பீஸ். அந்த அம்மாவிடம் அதற்கு முன்னால் ஒருவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அப்புறம் அவர்கள் 11 மாதிரி செய்தார்கள். முதலில் த்ரீடி பிரின்ட், பிறகு சிலிக்கானைக் கையாலேயே வார்த்தது. ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாய்தான் செலவு. ஒவ்வொன்றையும் அந்தப் பெண்கள் போட்டுப் பறித்துப் பார்த்து, வியர்க்குது, இறுக்குது, கழண்டு விழுது என்று சொல்லச் சொல்ல மாற்றினார்கள். கடைசியில் வந்தது கட்டை விரலுக்கு மட்டும் ஒரு மெல்லிய சிலிக்கான் உறை. நகத்துக்கு மேலே திறந்திருக்கும், ஒரு பக்கம் வெட்டு இருப்பதால் விரலுக்குத் தகுந்தபடி விரியும், கிள்ளும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. இரண்டு சைஸ். கொக்கியும் இல்லை, கிண்ணமும் இல்லை. இது என்னுடைய கருவியே இல்லை என்று அந்த விவசாயி முதலில் வருத்தப்பட்டார், அந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் போன சீசனில் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் வைத்து இரண்டாயிரம் ஜோடிக்கு மேல் போயிருக்கிறது. பெரிய பணம் இல்லை. வாங்கினவர்கள் திரும்ப வந்து வாங்குகிறார்கள், அதுதான் முக்கியம். டிசைன் கட்டணம் 70,000 ரூபாய், மூன்று தவணையாக. முதலில் கேட்டபோது உட்கார்ந்து பார்ப்பதற்கு இவ்வளவா என்று இருந்தது. முதலிலேயே அதைக் கொடுத்திருந்தால் அவர் நகை அடகுக்கே போயிருக்காது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. கம்ப்யூட்டர் மவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை யோசித்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட், கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர். 1964-ல் அவரோடு வேலை செய்த பில் இங்கிலிஷ் செய்து கொடுத்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஆயிரம் பேர் முன்னால் செய்து காட்டினார். 1970-ல் அதற்குப் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான சட்ட உரிமை, கிடைத்தது. ஆனாலும் அது சாதாரண ஆள் மேஜைக்கு வரவில்லை. ஜெராக்ஸ் அதை மேம்படுத்திச் செய்த மவுஸின் விலை 400 டாலர் அளவில் இருந்தது, அடிக்கடி அழுக்கு அடைத்துக்கொள்ளும். 1980 வாக்கில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் அதைச் சரி செய்யும் வேலையை ஹோவி-கெல்லி என்ற சின்ன டிசைன் நிறுவனத்திடம் கொடுத்தார். இன்று ஐடியோ என்று உலகம் முழுக்கத் தெரிந்த நிறுவனத்தின் ஆரம்பம் அது. 400 டாலர் பொருளை 15 டாலருக்குள் செய்ய வேண்டும், வருடக்கணக்கில் ஓட வேண்டும். டீன் ஹோவி கடைக்குப் போய் உருளைப் பந்து வைத்த டியோடரன்ட் பாட்டில்களும் ஒரு வெண்ணெய் டப்பாவும் வாங்கி வந்து, பந்தை எடுத்து டப்பாவுக்குள் வைத்து முதல் மாதிரி செய்தார். பந்தை எதிலும் அழுத்திப் பிடிக்காமல் சும்மா உருளவிட்டார்கள், அழுக்கானால் பந்தை வெளியே எடுத்துத் துடைத்துவிடலாம். உள்ளே இருக்கும் நுணுக்கமான பாகங்கள் எல்லாவற்றையும் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ள விலா எலும்புக் கூடு மாதிரி ஒரே பிளாஸ்டிக் பாகத்தை அதே நிறுவனத்தின் ஜிம் யுர்சென்கோ வடிவமைத்தார். மோல்டிங் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்த ஒரு பாகத்தின் அருமை தெரியும், பத்து பாகத்தை ஒவ்வொன்றாக அளவு பார்த்துப் பொருத்தும் வேலை அதில் ஒன்றாகிவிடுகிறது, விலை அங்கேதான் இறங்குகிறது. 1983-ல் ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டரோடும் அடுத்த வருடம் மெக்கின்டாஷோடும் அது வீடுகளுக்கு வந்தது. எங்கல்பார்ட்டுக்கு ராயல்டியாக ஒன்றும் கிடைக்கவில்லை, பேட்டன்ட் அவர் வேலை செய்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது, உலகம் முழுக்க மவுஸ் பரவுவதற்கு முன்பே அந்தப் பேட்டன்டின் காலமும் முடிந்துவிட்டது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கும்.

சென்னையில் நடந்ததும் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் நீல வெளிச்சத்தின் கீழே படுக்க வைப்பார்கள். அந்த வெளிச்சம் போதுமான அளவு இருந்தால்தான் உடம்பை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்ற பொருள் கரையும். பழைய கருவிகளில் டியூப் மங்கிவிடும், சரியான நீல டியூப் விலை அதிகம், கிடைப்பதும் சிரமம், கிடைத்த வெள்ளை டியூபை மாட்டிவிடுவார்கள், விளக்கு எரியும், ஆனால் குழந்தைக்குப் பிரயோஜனம் இருக்காது. டி-ரெவ் என்ற சான் பிரான்சிஸ்கோ டிசைன் அமைப்பு ஆஸ்பத்திரிகளில் இதைப் பார்த்துவிட்டு, பல வருடம் உழைக்கும் எல்.இ.டி. விளக்குகளை வைத்து பிரில்லியன்ஸ் என்ற கருவியை வடிவமைத்தது. செய்து விற்கும் பொறுப்பைச் சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸிடம் கொடுத்தது. 2012-ல் சந்தைக்கு வந்தபோது விலை சுமார் 400 டாலர், வெளிநாட்டுக் கருவிகள் 3,000 டாலரைத் தாண்டும். இதே டி-ரெவ்தான் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் மையத்துக்காகச் செய்த முழங்கால் மூட்டையும் எடுத்துத் திருத்தியது. அந்த மூட்டு நன்றாகவே மடங்கியது, ஆனால் நடக்கும்போது சத்தம் வந்தது, பேன்ட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. பத்து பேர் நடுவில் நடந்து போகிறவருக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பெரிய விஷயம்! சத்தத்தைக் குறைத்து, வடிவத்தை உருட்டி, அப்புறம் மோல்டில் அதிக எண்ணிக்கையில் போடுகிற மாதிரி மாற்றினார்கள்.

சரி, அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு வருகிறேன். அவள் கருவியை ஒரு டிசைனர் கையில் கொடுத்தால் என்னென்ன கேட்பார்கள் என்று நான் இங்கே உட்கார்ந்தே ஓரளவு சொல்லிவிடுவேன். சொட்டு மருந்து பாட்டில் கம்பெனிக்குக் கம்பெனி கழுத்தும் தடிமனும் மாறும், ஒரே புனலில் எத்தனை நிற்கும்? பாட்டி கை நடுங்குகிறது என்றால் பாட்டிலை அழுத்தும் பலமும் குறைவாகத்தானே இருக்கும், அழுத்துவதற்கு ஒரு நெம்புகோல் வேண்டாமா? பாட்டில் முனை இமையில் படக்கூடாது, பட்டால் மருந்தே கெட்டுவிடும், அந்த இடைவெளியை எது காப்பாற்றும்? எப்படிக் கழுவுவது? பாட்டி படுத்துக்கொண்டு விடுவாரா, உட்கார்ந்து அண்ணாந்தா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் என் மாதிரி ஆள் பார்க்க வேண்டிய விஷயங்கள் வரும்: பிளாஸ்டிக்கின் சுவர் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா, இல்லை என்றால் மேலே குழி விழும். டையிலிருந்து பீஸ் கழன்று வர ஒன்றிரண்டு டிகிரி சரிவு இருக்கிறதா? எத்தனை பாகம், பசை இல்லாமல் பொருத்த முடியுமா? கடையில் 100 ரூபாய்க்கு விற்கிற பொருள் என்றால் என் பட்டறையை விட்டு 40, 45 ரூபாய்க்குள் வெளியே போக வேண்டும், நடுவில் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, வரி, பெட்டி, லாரி எல்லாம் இருக்கிறது. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டு அதற்கேற்ப வடிவத்தை மாற்றிக் கொடுப்பதும் டிசைனரின் வேலைதான்.

இனி என் சங்கடத்துக்கு வருகிறேன், இது உங்கள் பத்திரிகைக்கு நேராகச் சொல்ல வேண்டியது. அந்தச் செய்தியில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று படத்தோடு முழுவதும் விளக்கியிருந்தீர்கள். பேட்டன்டுக்கு விண்ணப்பித்தாகிவிட்டதா என்று ஒரு வரி இல்லை. விண்ணப்பிக்கும் முன் பத்திரிகையில் விவரமாக வெளிவந்துவிட்டால் அது புதுமை என்ற தகுதியை இழந்துவிடும். 12 மாத அவகாசம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்ததற்கும் அறிஞர் சபையில் வாசித்த கட்டுரைக்கும்தான், பள்ளிக் கண்காட்சியில் வைத்தேன் என்றாலோ பேப்பரில் வந்தது என்றாலோ செல்லாது. சொட்டு மருந்துக்குத் துணைக் கருவிகள் வெளிநாட்டில் ஏற்கனவே விற்கின்றன, அதனால் முழு யோசனைக்கும் உரிமை கிடைக்காமல் போயிருக்கலாம், ஆனாலும் கண்ணாடி பிரேமோடு அவள் சேர்த்த விதத்துக்கு ஏதாவது கிடைத்திருக்குமே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. தனி ஆள் ஆன்லைனில் முதல் கட்ட விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். புரொவிஷனல் என்பார்கள், அதைப் போட்டுவிட்டால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். உங்கள் நிருபர்கள் மாணவர்களிடம் பேசும்போது "விண்ணப்பித்தாகிவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, இல்லை என்றால் வேலை செய்யும் விதத்தை மட்டும் எழுதாமல் விடலாமே. படம் போடுங்கள், பாராட்டுங்கள், ரகசியத்தை மட்டும் அவளிடமே விட்டு வையுங்கள்.

பணத்தைப் பற்றியும் எழுதுங்கள். மாதிரி செய்ய ‘நிதி பிரயாஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்கிறது, நம் மாநிலத்தின் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இன்னோவேஷன் வவுச்சர் என்று 2 லட்சம், 5 லட்சம் என இரண்டு நிலையில் கொடுக்கிறது. டிசைனுக்கென்றே மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்.எஸ்.எம்.இ.) அமைச்சகத்தின் இன்னோவேட்டிவ் திட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 2022-ல் வந்தது. குறுந்தொழில் என்றால் டிசைன் செலவில் 75 சதவீதம், 40 லட்சம் வரை அரசு ஏற்கிறது. அதற்கு முன்பே 2010 முதல் அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனத்தை வைத்து டிசைன் கிளினிக் என்று ஒன்று நடந்தது. என் தெருவில் நாற்பது பட்டறை இருக்கிறது, நான் விசாரித்த வரையில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். இதில் ஒரு சிக்கலும் உண்டு. இது பதிவு செய்த தொழில்களுக்கான திட்டம். விவசாயிக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ நேரடியாகக் கிடைக்காது. அவர்கள் எங்களைப் போன்ற உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கும் பட்டறையோடு சேர்ந்து வந்தால் வழி பிறக்கலாம், யார் யாருக்கு என்ன பங்கு என்று முதலிலேயே எழுதிக்கொண்டு.

எழுதிக்கொள்வது என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிசைனரிடம் போகும் முன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் போடுங்கள், வரைபடமும் கம்ப்யூட்டர் ஃபைலும் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்குங்கள், தவணையாக மட்டும் பணம் கொடுங்கள். கண்டுபிடிப்பாளர்களின் ஆசையை வைத்தே பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வேர்ல்ட் பேட்டன்ட் மார்க்கெட்டிங் என்ற கம்பெனி, பேட்டன்ட் வாங்கித் தருகிறோம், சந்தைப்படுத்தித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கி ஏமாற்றியதாக அங்குள்ள வர்த்தக ஆணையம் 2017-ல் வழக்குப் போட்டு, மறு வருடம் அந்தத் தொழிலிலிருந்தே தடை செய்ய வைத்தது. உங்கள் யோசனை பிரமாதம், முழுப் பணத்தையும் கட்டுங்கள் என்று முதல் நாளே சொல்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்கு வந்த பெண் முதல் நாள் சொன்னது, "இது வேலைக்கு ஆகுமான்னு எனக்கு இன்னும் தெரியலை அங்கிள், பாத்துட்டுச் சொல்றேன்" என்பதுதான்.

ஆசிரியர் அவர்களே, இன்னும் ஒரு வேண்டுகோள். ஒரு மாணவனைப் பற்றி, ஒரு மெக்கானிக்கைப் பற்றி எழுதினால் ஒரு வருடம் கழித்து அதே ஆளிடம் திரும்பப் போய்க் கேளுங்கள். பொருள் எங்கே நிற்கிறது, யார் உதவினார்கள், எங்கே பணம் போனது, பயன்படுத்தினவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பாதியில் நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள், அடுத்து வருகிறவருக்கு அது பாராட்டை விட உதவும். 1955-ல் நம் கோவையில் ஆரம்பித்த வெட் கிரைண்டர் இன்று புவிசார் குறியீடு வாங்கி நிற்கிறது. அறையை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கல் சாய்க்கிற மாதிரி மாறி, பிறகு மேடை மேல் வைக்கிற அளவுக்குச் சுருங்கியது எப்படி, ஒவ்வொரு கட்டத்திலும் மாவு அள்ளுகிற பெண்களின் முதுகையும் சமையலறையின் அளவையும் யார் கவனித்தார்கள் என்று ஒரு தொடரே எழுதலாம். அந்தக் காலத்து ஆட்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த மாணவிக்கும் அவளுடைய டீச்சருக்கும் நீங்கள் தகவல் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்களிடம் ஒரு மெஷின் சும்மா இருக்கும், பழைய டையில் மாற்றம் செய்து மாதிரி போட்டுப் பார்ப்பதற்கு நான் பணம் வாங்க மாட்டேன். அந்த டிசைனர் பெண்ணிடமும் பேசிவிட்டேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அவர் வழக்கமாக வாங்கும் மருந்து பாட்டில் காலியானது இரண்டு மூன்று இருந்தால் அதையும் எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு மோல்டிங் பட்டறைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்.